ஆகாயத்தில் கடை விரித்தார்கள்; கொள்வார் யார்?

ஒரு யூனிட் மின்சாரம் 42 டாலர். சுவாசிக்கும் காற்று, சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 22,500 டாலர். காற்றையும் நீரையும் சுத்தப்படுத்தும் யந்திரங்களுக்கும் கழிப்பறைக்குமாகத் தனியே 11,250 டாலர்.

எந்தச் சீமை ஹோட்டலில் ஐயா இந்தக் கொள்ளை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இது எந்தச் சீமையிலும் இல்லை. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை உலகத்தை வலம் வந்துகொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம்தான் அது. அமெரிக்க சர்க்காரின் விண்வெளி ஸ்தாபனமான நாஸா, இனி வியாபாரிகளும் இங்கே வரலாம் என்று 2019 ஜூன் மாதம் கதவைத் திறந்தது. அப்போது வெளியிட்ட கட்டண விகிதத்தில் உள்ளவையே மேலே கண்ட எண்கள். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், யூனிட் மின்சாரம் 3,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மாதக் கடைசியில் வரும் மின்சார பில்லைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அதுவும் தள்ளுபடி விலையாம்! 2021-இல் நாஸா கணக்கைத் திருத்தி எழுதியது. ஒரு கிலோ சாமானை மேலே ஏற்ற 3,000 டாலர் என்று இருந்தது 20,000 டாலர் ஆயிற்று. அதே ஒரு கிலோவைப் பத்திரமாகக் கீழே இறக்க 40,000 டாலர். நிலையத்தில் உள்ள விண்வெளி வீரர் ஒருவர் உங்கள் காரியமாக ஒரு மணி நேரம் வேலை செய்தால், அதற்குக் கட்டணம் 1,30,000 டாலர். நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்.

இந்த விலையில் கடை நடத்த முடியுமா? நடத்தினால் வாங்க வருகிறவர் யார்? இன்று விண்வெளி வியாபாரம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம் இதுதான்.

சொந்த வீடும் வாடகை வீடும்

நிலையத்தின் முதல் பகுதி 1998 நவம்பரில் மேலே சென்றது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி முதல் ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை. சுமார் 420 டன் எடை. அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய நாடுகள், ஜப்பான், கனடா என்று பலர் கூடிக் கட்டியது. ஆனால் வீடு பழையதாகிவிட்டது. ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு இருக்கிறது. இதை ஓட்டுவதற்கும், ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றி இறக்குவதற்குமாக நாஸாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவு. ஆகவே 2030-ஆம் ஆண்டோடு நிலையத்தை மூடி, பிறகு கடலில் இறக்கிவிடுவது என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு? நாஸா இன்னொரு நிலையம் கட்டப் போவதில்லை. தனியார் கம்பெனிகள் கட்டட்டும், நாங்கள் பல குடித்தனக்காரர்களில் ஒருவராக வாடகை கொடுத்து இருந்துகொள்கிறோம் என்பது அதன் யோசனை. சொந்த வீட்டை இடித்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போகும் குடும்பத்தின் நிலைதான். யோசனையில் தவறு இல்லை. மிச்சமாகும் பணத்தைச் சந்திரனுக்குப் போகச் செலவிடலாம். ஆனால் ஒரே ஒரு குடித்தனக்காரரை நம்பி எந்த வீட்டுக்காரர் மாடி மேல் மாடி கட்டுவார்? மற்றக் குடித்தனங்கள் வர வேண்டும்.

வருவதற்குக் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

கிணற்று வாளி

மேலே போனால் பூமியின் இழுப்பே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பு விசையில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. பின் ஏன் மிதக்கிறார்கள்? கிணற்றில் இறங்கும் வாளிக்குள் ஒரு கல் கிடக்கிறது, கயிறு அறுந்துவிட்டது. வாளி தண்ணீரில் மோதும் வரையில் கல்லும் வாளியும் சேர்ந்தே விழுகின்றன. கல் வாளியின் அடியை அழுத்துவதில்லை. விண்வெளி நிலையம் அப்படித்தான் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. பக்கவாட்டில் போகும் வேகத்தினால் தரையைத் தொடாமல் உலகத்தைச் சுற்றியே விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த நிலையில் கனமானது அடியில் தங்காது. லேசானது மேலே மிதக்காது. சூடான நீர் மேலேறிக் கொதிக்காது. பாகை ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால்தான் கற்கண்டு பெரிதாகக் கட்டும் என்பது மிட்டாய்க் கடைக்காரர்களுக்குத் தெரியும். திரவத்துக்குள் ஓட்டமே இல்லாத இடத்தில் படிகங்கள் நிதானமாக, ஒரே சீராக வளர்கின்றன. மருந்துக் கம்பெனிகளின் கண் இதன் மேல்தான் இருக்கிறது.

கட்டணத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? ஒரு கிலோ மூலப்பொருள் மேலே போக 17 லட்சம் ரூபாய். சரக்காகித் திரும்ப 34 லட்சம் ரூபாய். ஆக 51 லட்சம். எஃகோ கண்ணாடியோ செய்து கட்டுப்படியாகாது. தங்கத்தைப் போலப் பல மடங்கு விலையுள்ள பொருளாக இருக்க வேண்டும். சில மருந்துகள் அப்படிப்பட்டவை.

ஜெயிக்கத் தெரிந்தும் தோற்ற யந்திரம்

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதல்ல. 1980-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் மக்டானல் டக்ளஸ் என்ற விமானக் கம்பெனியும், ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் என்ற மருந்துக் கம்பெனியும் இதில் கூட்டுச் சேர்ந்தன. மின்சாரத்தின் உதவியால் திரவக் கலவையிலிருந்து வேண்டிய பொருளை மட்டும் பிரித்தெடுக்கும் யந்திரம் ஒன்றைச் செய்தார்கள். தரையில் அதை ஓட்டினால் திரவத்தில் சூடேறிச் சுழல் கிளம்பி எல்லாம் கலங்கிவிடும். மேலே அந்தத் தொல்லை இல்லை. அந்தக் கம்பெனியின் என்ஜினியர் சார்லஸ் வாக்கர் என்பவர், யந்திரத்தை ஓட்டுவதற்கென்றே 1984-லும் 1985-லுமாக மூன்று முறை அமெரிக்க விண்வெளி ஓடத்தில் போய் வந்தார். கம்பெனிச் சம்பளத்தில் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர்தான்.

அவர்கள் குறிவைத்த சரக்கு, நம் சிறுநீரகத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன். ரத்தத்தில் சிவப்பணுக்களை உண்டாக்கச் செய்வது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அமுதம் போன்றது. யந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் கலிபோர்னியாவில் ஆம்ஜென் என்றொரு சிறு கம்பெனி, அதே ஹார்மோனைத் தரையிலேயே, ஜீவ அணுக்களுக்குள் மரபணுவைப் புகுத்தி உண்டாக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. 1985-இல் ஜான்ஸன் கம்பெனி ஆகாயத்தைக் கைவிட்டு ஆம்ஜெனுடன் சேர்ந்துகொண்டது. 1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் ஓடம் வெடித்து ஏழு பேர் மாண்டதும், மிச்சமிருந்த திட்டமும் போயிற்று. ஆம்ஜென் மருந்துக்கு 1989-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற மருந்துகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே கடை வைப்பவனுக்கு எதிர்க்கடைக்காரன் மேலே இல்லை. எப்போதும் கீழேதான் இருக்கிறான். அவனுக்கு ராக்கெட் செலவு கிடையாது.

அதே காலத்தில் ஒரு சிறு சரக்கு விற்கத்தான் விற்றது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு குறுக்களவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகள். ஒன்றுக்கொன்று அணுவளவும் வித்தியாசம் இல்லாதவை என்றே சொல்லலாம். மைக்ராஸ்கோப்பு முதலிய கருவிகளின் அளவைச் சரிபார்க்க உதவுபவை. விண்வெளி ஓடத்தில் செய்த இவற்றை 1985-இல் அமெரிக்க சர்க்காரின் அளவை நிலையம் குப்பி 384 டாலருக்கு விற்றது. விண்வெளியில் செய்து விலைக்கு வந்த முதல் சரக்கு என்று இதற்குத்தான் பெயர். செய்தவரும் சர்க்கார், விற்றவரும் சர்க்கார்.

இறங்க லைசென்ஸ் இல்லை

புதிய தலைமுறையில் சாமர்த்தியக்காரர்கள் இல்லாமல் இல்லை. மெர்க் கம்பெனி தன் புற்றுநோய் மருந்து ஒன்றை 2017-இல் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிப் படிகமாக வளர்த்துப் பார்த்தது. சிறிய, ஒரே அளவான படிகங்கள் கிடைத்தன. அதிலிருந்து கற்ற பாடத்தைக் கொண்டு அதே மாதிரிப் படிகத்தைத் தரையில் செய்யும் வழியை ஆராய்ந்தார்கள். ஆகாயத்தைத் தொழிற்சாலையாகக் கொள்ளாமல் பள்ளிக்கூடமாகக் கொண்டார்கள் என்று சொல்லலாம். புத்தியுள்ள காரியம், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை சம்பளம் கட்டினால் போதும்.

கலிபோர்னியாவின் வார்டா கம்பெனி வேறு வழியில் போகிறது. மனிதர்களையே விலக்கிவிட்டது. ஒரு சிறு கூடு, அதற்குள் மருந்துப் படிகம் வளர்க்கும் யந்திரம். 2023 ஜூனில் மேலே போன முதல் கூட்டில், எய்ட்ஸ் நோய்க்கான ரிட்டோனாவிர் மருந்தைப் படிகமாக்கினார்கள். இந்த மருந்தைத் தேர்ந்ததிலும் பொருள் இருக்கிறது. 1998-இல் இதன் படிகம், காரணம் புரியாமல், கரையாத வேறொரு வடிவத்துக்கு மாறிவிட்டது; தயாரித்த கம்பெனி மாத்திரைக் கூடுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது. படிகத்தின் வடிவம் எவ்வளவு பெரிய விஷயம் என்று மருந்து உலகம் அன்று கற்றது.

வார்டாவின் வேலை சில நாட்களில் முடிந்தது. ஆனால் கூடு கீழே இறங்க அமெரிக்க அதிகாரிகளின் அனுமதி கிடைக்கவில்லை! வானத்திலிருந்து தனியார் சரக்கு இறங்குவது அவர்களுக்குப் புதிது. எந்தப் பாரத்தில் கையெழுத்திடுவது என்று தெரியவில்லை போலும். மாதக்கணக்கில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்து, 2024 பிப்ரவரி 21-இல்தான் அது யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. பர்மிட்டுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இந்தக் கதை புரியும். அடுத்த கூடு 2025 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் இறங்கியது. அதில் பிரயாணம் செய்த முக்கியமான சரக்கு மருந்து அல்ல. பேய் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்று அளக்கும் அமெரிக்க விமானப் படையின் கருவி. மருந்து வியாபாரம் நிலைக்கும் வரை கடையைக் காப்பாற்றி வருவது பட்டாளத்துப் பணம்.

பிரயாணிகள்

சரக்கு இல்லாவிட்டால் போகிறது, பிரயாணிகள் இல்லையா? இருந்தார்கள். 1990-இல் ஜப்பானிய டெலிவிஷன் கம்பெனி ஒன்று தன் நிருபரை ரஷ்யர்களின் மிர் நிலையத்துக்கு அனுப்பியது. 2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கத் தனவந்தர், சுமார் 2 கோடி டாலர் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது, ரஷ்ய ராக்கெட்டில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தார். நாஸாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் தடுக்க முடியவில்லை.

இப்போது அந்த வேலையை முறைப்படி நடத்துவது ஆக்ஸியம் என்ற கம்பெனி. அதன் நான்கு பயணங்களைப் பார்த்தாலே போதும். 2022-இல் முதல் பயணம்: மூன்று தனவந்தர்கள், தலைக்கு 5.5 கோடி டாலர் என்று செய்தி. 2023-இல் இரண்டாவது: ஒரு தனவந்தர், சவூதி சர்க்கார் அனுப்பிய இருவர். 2024-இல் மூன்றாவது: இத்தாலி, துருக்கி, ஸ்வீடன் ஆகிய நாடுகள் அனுப்பியவர்கள். 2025 ஜூனில் நான்காவது: போலந்து, ஹங்கேரி, நம் இந்தியா. நமது விமானப் படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா போனது இந்தப் பயணத்தில்தான். 1984-இல் ராகேஷ் சர்மா போனதற்கு 41 ஆண்டுகளுக்குப் பின் விண்வெளி சென்ற இந்தியர்; வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்க வைத்துப் பார்த்தார். நம் சர்க்காருக்கு ஆன செலவு சுமார் 550 கோடி ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்தது. ககன்யானுக்கு முன் அனுபவம் வேண்டியிருந்ததால் அது வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கவனியுங்கள்: வண்டி தனியாருடையது, டிக்கெட் வாங்குகிறவர்கள் மாறிவிட்டார்கள். தனவந்தர்கள் இறங்க, சர்க்கார்கள் ஏறிக்கொண்டார்கள்.

எடையில்லாத சரக்கு

இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு கடையில் ஜனக்கூட்டம் உண்மையாகவே மொய்க்கிறது. அங்கே விற்கும் சரக்குக்கு எடையே கிடையாது. அதாவது, செய்தி.

அதுவும் சுலபத்தில் வந்துவிடவில்லை. மோட்டரோலா கம்பெனி சுமார் 500 கோடி டாலர் கொட்டி, 66 செயற்கைக்கோள்களைக் கொண்டு, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பேசக்கூடிய இரிடியம் டெலிபோனை 1998 நவம்பரில் தொடங்கியது. கருவி ஒன்றின் விலை சுமார் 3,000 டாலர். அதற்குள் சாதாரண செல்போன் ஊரெல்லாம் பரவிவிட்டது. எதிர்க்கடைக்காரன் கீழேதான் இருக்கிறான் என்று சொன்னேன் அல்லவா? 1999 ஆகஸ்டில் இரிடியம் திவால். அவ்வளவு சொத்தையும் 2000-இல் வெறும் 2.5 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்களுக்கு உயிர் கொடுத்தது எது தெரியுமா? அமெரிக்க ராணுவ இலாகா, இரண்டு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் கட்டணம் தர ஒப்புக்கொண்டது.

ஒன்வெப் என்ற இன்னொரு கம்பெனி 2020-இல் திவாலாகி, பிரிட்டிஷ் சர்க்காரும் நம் நாட்டுப் பார்தி குழுமமும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அதன் செயற்கைக்கோள்கள் 72, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலுமாக நமது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் மேலே சென்றன.

ஜெயித்தது ஈலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் 60 கோள்கள். 2025 முடிவில் 9,000-க்கு மேற்பட்டவை சுற்றிக்கொண்டிருந்தன. சந்தாதாரர் 80 லட்சத்துக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் காட்டிலும் கடலிலும் குக்கிராமத்திலும் இருந்து, சொந்தக் காசைக் கொடுத்து இண்டர்நெட் வாங்குகிற சாதாரண மனிதர்கள். இது ஒன்றுதான் நான் கண்ட வரையில் ஆகாயத்தில் நடக்கும் அசல் சில்லறை வியாபாரம். இதன் மர்மம் என்னவென்றால், ராக்கெட்டும் இவருடையதே. மேலே போன ராக்கெட்டின் அடிப்பகுதியைத் திரும்ப இறக்கி மறுபடி உபயோகிக்கும் வித்தை 2015 டிசம்பரில் கைகூடியது. 2017 மார்ச்சில் அப்படி இறங்கிய ஒன்று இரண்டாம் முறை பறந்தது. இன்று அவருடைய ராக்கெட் பயணங்களில் பாதிக்கு மேல் சொந்தச் சரக்கையே சுமந்து செல்கின்றன.

அந்த ராக்கெட்டை வளர்த்தது யார் என்று பார்த்தால், அங்கேயும் நாஸா நிற்கிறது. 2008-இல் கம்பெனி ராக்கெட்டுகள் மூன்று முறை தொடர்ந்து தோற்று, நான்காவது தப்பிப் பிழைத்து, கையிருப்பு கரைந்திருந்த சமயம். அந்த டிசம்பரில் நாஸா, 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் பழைய வழக்கப்படி ஆன செலவுக்கு மேல் லாபம் என்று கொடுக்கவில்லை. இன்ன வேலைக்கு இன்ன விலை என்று கறாராகப் பேசிக் கொடுத்தது. அதன் பலனை நாஸாவே கணக்கிட்டிருக்கிறது. ஃபால்கன்-9 ராக்கெட்டை உருவாக்கக் கம்பெனிக்கு ஆனது சுமார் 30 கோடி டாலர். பழைய முறையில் தானே செய்திருந்தால் 170 கோடியிலிருந்து 400 கோடி வரை ஆகியிருக்கும்!

தபால் மூட்டை

சர்க்கார் முதல் வாடிக்கைக்காரராக இருப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் கொண்டு வந்தது சர்க்கார் தபால் மூட்டை. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டி வந்தவர் நெவில் வின்ஸென்ட். தபால் கூலியில் பிழைத்த விமானங்களில் பிறகு பிரயாணிகள் ஏறினார்கள்.

விண்வெளிக்காரர்கள் இந்த உதாரணத்தை விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம். விமானத்துக்கு இரண்டு பக்கமும் ஊர் இருந்தது. கராச்சியில் ஒரு வியாபாரி, சென்னையில் ஒரு வியாபாரி. விண்வெளி நிலையத்துக்குப் போகிறவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறான். அங்கே ஊர் இல்லை. ஊரையே இனிமேல்தான் கட்ட வேண்டும்.

கட்ட முயன்றவர்களில் ராபர்ட் பிகலோ என்ற ஹோட்டல் முதலாளியும் ஒருவர். காற்றடைத்து விரிக்கும் அறைகளை 2006, 2007-இல் சொந்தச் செலவில் பறக்கவிட்டு வெற்றியும் கண்டார். 2016-இல் நாஸா 1.78 கோடி டாலர் கொடுத்து அத்தகைய அறை ஒன்றை வாங்கி நிலையத்தில் பொருத்தியது. சாமான் போடும் அறையாக அது உபயோகப்பட்டு வருகிறது. பிகலோவின் ஹோட்டலுக்கு மட்டும் ஆள் வரவில்லை. 2020 மார்ச்சில் வேலைக்காரர்கள் அனைவரையும் அனுப்பிவிட்டார்.

இப்போது ஆக்ஸியம், ஸ்டார்லாப், ஆர்பிட்டல் ரீஃப், வாஸ்ட் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. 2021 டிசம்பரில் நாஸா மூன்று குழுக்களுக்குச் சேர்த்து 41 கோடி டாலருக்கு மேல் ஆரம்பப் பணம் கொடுத்தது. அவற்றில் ஒன்று 2023-இல் தன் திட்டத்தை விட்டு மற்றொன்றுடன் சேர்ந்துகொண்டது. வாஸ்ட் தன் சிறு நிலையத்தை 2025 ஆகஸ்டில் ஏவுவதாகச் சொன்னது. தேதி வந்தது, நிலையம் போகவில்லை. அதே ஆகஸ்டில் நாஸா தன் நிபந்தனையையும் இளக்கியது. எப்போதும் ஆள் குடியிருக்க வேண்டும் என்பது போய், நான்கு பேர் ஒரு மாதம் தங்க முடிந்தால் தொடக்கத்துக்குப் போதும் என்றது. வேறு குடித்தனக்காரர்கள் வந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இதற்கிடையில் சீன சர்க்கார், யாரிடமும் வாடகை எதிர்பார்க்காமல், 2021 முதல் தனக்கென ஒரு நிலையத்தை வைத்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பழைய நிலையத்துக்கு மட்டும் முடிவு நிச்சயமாகிவிட்டது. ஆண்டு சற்று முன் பின் ஆனாலும், தனியே செய்த ஒரு ராக்கெட் வண்டி அதனுடன் இணைந்து, வேகத்தைக் குறைத்து, ஜன நடமாட்டம் இல்லாத சமுத்திரத்தின் மேல் அதைத் தள்ளிவிடும். பெரும்பகுதி எரிந்து போகும். மிச்சம் நீரில் விழும். அந்த வண்டியைச் செய்யும் ஒப்பந்தம் 2024 ஜூனில் ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனிக்குக் கிடைத்தது. மதிப்பு 84 கோடியே 30 லட்சம் டாலர் வரை. பணம் கொடுப்பது நாஸா.